எழுபத்தைந்து ரூபாய்

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (வேதியியல்) மாணவி

சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு நாள் இருட்டிய பிறகுதான் வீடு போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே நின்றிருந்தாள் அம்மா.

"எங்க பாப்பா போன இத்தனை நேரம்?"

"ஆராய்ச்சிக்கு தண்ணி எடுக்கப் போனேம்மா."

"ஆராய்ச்சியா? யார் வீட்டுல என்ன களவு போச்சு?"

என் அம்மாவுக்குத் தெரிந்த ஆராய்ச்சி அது ஒன்றுதான். காவல்துறையினர் வந்து வீட்டைக் கலைத்துப் பார்த்துவிட்டுப் போவது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா லாரி செட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா புளி மண்டியில் ஓடு உடைத்துக் கொட்டை எடுக்கிறாள். கிணற்றுத் தண்ணீரைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கப் போகிறோம் என்று விளக்கினேன். "தண்ணியில தண்ணிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சோறு போட உள்ளே போய்விட்டாள்.

அப்போது நான் முதலாமாண்டு. ஆராய்ச்சி என்னுடையது அன்று. மூன்றாமாண்டு அக்காக்கள் இருவரும் ஓர் அண்ணனும் எங்கள் துறைப் பேராசிரியர் வழிகாட்டுதலில் எழுதி அனுப்பிய திட்டம் அது. எங்கள் பேருந்துத் தடத்தில் உள்ள ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகளில் நாற்பது இடத்து நீர் எடுத்து, ஃபுளோரைடு எவ்வளவு என்று அளக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது நாடறிந்த செய்தி. அதற்காகவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்டது. ஆனாலும் ஆற்று நீர் வராத நாளில் எங்கள் தெரு போர் பம்புக்குத்தான் போகிறது. என் ஊர் அந்தத் தடத்தில் இருந்ததாலும், மாலையில் எனக்கு வேறு வேலை இல்லாததாலும் பாட்டில் சுமக்க என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

திட்டத்திற்கு நிதி அனுமதி ஆணை டிசம்பரில் வந்தது. அன்று துறையில் அனைவருக்கும் காப்பி கிடைத்தது. பேராசிரியர் அந்த ஆணையை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அதுவரை ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறார்கள் என்றால் மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. இரசாயனப் பொருள்களுக்கு இவ்வளவு, பயணத்திற்கு இவ்வளவு, அறிக்கை அச்சிட இவ்வளவு என்று தலைப்புத் தலைப்பாகப் பிரித்திருந்தார்கள். ஒரு தலைப்புப் பணத்தை அனுமதியின்றி இன்னொரு தலைப்பில் தொடக்கூடாதாம். எஞ்சியதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது, ஆராய்ச்சியைப் பற்றி நான் சொன்னவற்றில் முதன்முறையாக ஒன்று அவளுக்கு விளங்கியது. எங்கள் வீட்டு அடுக்குப் பானைக்குப் பின்னால் மூன்று டப்பாக்கள் உண்டு. ஒன்றில் சீட்டுப் பணம், ஒன்றில் மளிகை, ஒன்றில் தம்பியின் மருந்துச் செலவு. சீட்டு டப்பாவில் கை வைத்தவன் உருப்பட மாட்டான் என்பது அம்மாவின் சட்டம். "சரியாத்தான் வெச்சிருக்காங்க" என்று அரசாங்கத்தைப் பாராட்டினாள்.

ஆனால் அந்தச் சட்டம் எங்களை ஒரு வேடிக்கையான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நீர் எடுக்கப் போன நால்வரில் மூவர் பெண்கள். நடத்துநர் எங்களுக்குக் கிழித்துத் தந்த சீட்டில் தொகை இல்லை. அண்ணன் ஒருவர் வாங்கிய சீட்டுகளை மட்டும் வெள்ளைத் தாளில் ஒட்டி வைத்தோம். பயணத் தலைப்பில் பணம் அப்படியே மிச்சம். இரசாயனத் தலைப்பிலோ பற்றாக்குறை. மிஞ்சியதை இதற்கு மாற்ற வேண்டுமானால் கடிதம் எழுதி அனுமதி பெற வேண்டும். அதற்குள் கோடை வந்துவிடும் என்றார் பேராசிரியர். இவையெல்லாம் பணம் வந்த பிறகு எழ வேண்டிய கவலைகள். பணமே வரவில்லை!

ஜனவரி போயிற்று. பிப்ரவரி வந்தது. ஆணை இருக்கிறது, தொகை வந்து சேரவில்லை. மூன்றாமாண்டினருக்கு ஏப்ரலில் தேர்வு. காத்திருந்தால் திட்டமே கைவிட்டுப் போகும். பேராசிரியர் தம் சம்பளத்திலிருந்து முதல் தவணை மருந்துகளை வாங்கி வந்தார்.

அறியாதவர்களுக்காக ஆய்வு முறையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பேட்ன்ஸ் என்னும் சாயமும் சிர்க்கோனியமும் சேர்ந்து நல்ல சிவப்பு நிறம் தரும். அதில் ஃபுளோரைடு உள்ள நீரைச் சேர்த்தால், ஃபுளோரைடு சிர்க்கோனியத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்ள, நிறம் வெளுக்கும். எவ்வளவு ஃபுளோரைடோ அவ்வளவு வெளுப்பு. வெளுப்பை நிறமானி அளந்து சொல்லும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு 221 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடை ஒரு லிட்டர் வாலை வடிநீரில் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். அது லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள கரைசல். அதிலிருந்து நீர்த்து நீர்த்துப் படிநிலைக் கரைசல்கள் தயாரிக்கலாம். இம்முறை லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் வரைக்கும்தான் நம்பத்தக்கது. அதற்கு மேல் போனால் மாதிரியை நீர்த்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். மாதிரியைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுக்கக்கூடாது, பிளாஸ்டிக்கில்தான் எடுக்க வேண்டும் என்பதால் திருமண மண்டபங்களின் பின்புறம் கிடந்த காலிப் பாட்டில்களைப் பொறுக்கிக் கழுவினோம். அந்த வகையில் செலவு மிச்சம்.

இருபத்தாறு மாதிரிகள் முடிந்தபோது சாயம் தீர்ந்துவிட்டது. பேராசிரியரிடம் மறுபடி கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் பெண்ணுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது என்று உதவியாளர் அண்ணன் வாய்தவறிச் சொல்லியிருந்தார். நால்வரும் பணம் போட்டோம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கினார்களல்லவா, அந்த மாத ஆயிரத்தை நான் போட்டேன். அம்மாவிடம் வங்கியில் இன்னும் ஏறவில்லை என்று பொய் சொன்னேன். அந்த மாதம் மளிகை டப்பா காலியாக இருந்ததும், அம்மா மண்டியில் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து கூடுதலாகப் புளி தட்டியதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பொய் சொன்னேன். சிறியதொரு கடையில் மருந்து வாங்கினோம். கடைக்காரர் துண்டுத் தாளில் கையால் எழுதி ரசீது தந்தார். அதைப் பத்திரமாக ரெக்கார்டு நோட்டில் வைத்தேன்.

முப்பத்தொன்றாவது பாட்டில் எங்கள் தெரு போர் பம்பு நீர்.

அதை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் முறை சிவப்பு மிகவும் வெளுத்துவிட்டது. அளவு எல்லைக்கு அப்பால் போயிற்று. சரிபாதியாக நீர்த்துப் பார்த்தேன், 1.4, எல்லைக் கோட்டிலேயே நின்றது. நம்ப முடியாது என்று அக்கா சொன்னார். நான்கில் ஒரு பங்காக நீர்த்தேன். 0.7 வந்தது. நான்கால் பெருக்கினால் 2.8. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1.0, வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். மூன்றாம் முறையும் செய்து பார்த்தேன். அதே 2.8.

என் தம்பிக்கு எட்டு வயது. முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. அம்மாவுக்கும் உண்டு. வெற்றிலைக் கறை என்று ஊரில் சொல்வார்கள். அம்மா வெற்றிலை போடுகிறவளே அல்லள். எங்கள் குடும்பத்துப் பல்லே அப்படித்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நிறமானியின் முன்னால் நின்றுகொண்டு என் பற்களை நாக்கால் தடவிப் பார்த்தேன்.

அறிக்கை மார்ச் இறுதியில் முடிந்தது. அக்காக்களும் அண்ணனும் தேர்வு எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, ஒருவருக்குத் திருமணம், அண்ணன் முதுகலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பணம் ஜூன் மாதம் வந்தது.

திட்டத்தில் எஞ்சியிருந்தவள் நான் ஒருத்தி. ஆகவே கணக்கு முடிக்கும் வேலையும் எனக்கே வந்தது. ரசீதுகளை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். கண்காணிப்பாளர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேருந்துச் சீட்டுகள் சரி. அச்சகத்து ரசீது சரி. எங்கள் கடை ரசீதைத் தனியே எடுத்து வைத்தார். அதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. விலைப்புள்ளிகள் இல்லை. இருப்புப் பதிவேட்டில் ஏற்றவில்லை.

"இது தணிக்கையில நிக்காதும்மா."

"வாங்கினது உண்மைதானே சார்? மருந்து தீர்ந்துபோன பாட்டில் கூட இருக்கு."

"உண்மையா இல்லையான்னு அவங்க கேக்க மாட்டாங்க. தாள் இருக்கான்னு கேப்பாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். வேறோர் ஊரில் பணியாற்றியபோது இதேபோல் ஒரு மாணவனுக்காக இரக்கப்பட்டு ஒரு ரசீதைப் பாஸ் செய்ததையும், தணிக்கைத் தடை எழுந்து அந்தத் தொகை அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டதையும் சொன்னார். முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்தானாம். ஆனால் அந்தக் கோப்பு முடிய நான்கு ஆண்டுகள் ஆனதாம். அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது. என் ஆயிரம் ரூபாயும் போயிற்று. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பேராசிரியருக்குச் செய்தி எட்டியது. அவர் ஒன்றும் சொல்லாமல் கணித மேதை இராமானுஜத்தின் வரலாற்று நூலொன்றை நூலகத்திலிருந்து எடுத்துத் தந்தார். வேதியியல் மாணவிக்கு ஏன் கணித மேதை என்று நினைத்துக்கொண்டே படித்தேன்.

அவர் நம்முடையதைப் போன்றதொரு அரசுக் கல்லூரியில், கும்பகோணத்தில், 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்தவர். கணக்கையே போட்டுக்கொண்டிருந்ததால் மற்றப் பாடங்களில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தவர். பட்டமே பெறவில்லை. காகிதத்திற்குச் செலவாகுமே என்று சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்தவர். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தர். இவ்வளவும் பள்ளியில் படித்ததுதான். படிக்காதது அடுத்தது. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தர முன்வந்தது. முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்குத்தான் அது என்பது விதி. பட்டமற்ற எழுத்தருக்கு எப்படித் தருவது? பல்கலைக்கழக ஆட்சிக் குழுவில் விவாதம் எழுந்தது. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஒன்று என்று அதன் சட்டத்தின் முகவுரையே கூறுகிறது என எடுத்துக்காட்டி விதியை வளைத்தார்கள். ஒரு நிபந்தனை விதித்தார்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை தர வேண்டும்.

இராமானுஜனும் முன்னேற்ற அறிக்கை எழுதியிருக்கிறார்! இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன் அப்படி மூன்று அறிக்கைகள் தந்திருக்கிறார். கணித அறிஞர்கள் அவற்றை இன்றும் படிக்கிறார்களாம். இங்கிலாந்துக்கும் அதே பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அனுப்பியது.

நோயுற்றிருந்த 1919 ஜனவரியில் அவர் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். இனி ஆண்டுக்கு 250 பவுன் தருவதாகச் சொல்கிறீர்கள். என் தேவைக்கு அது அதிகம். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, என் செலவும் போக எஞ்சுவதை ஏழை மாணவர்களின் பள்ளிக் கட்டணக் குறைப்புக்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்துங்கள் என்பது அதன் சாரம். அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். பெரிய மனிதர்களின் பெருந்தன்மை என்று புகழ்ந்துவிட்டுப் போக எனக்குத் தோன்றவில்லை. அவரும் தலைப்பு வாரியாகப் பிரித்திருக்கிறார். பெற்றோருக்கு இவ்வளவு, தனக்கு இவ்வளவு, மிச்சம் பிள்ளைகளுக்கு. அவர் தாயார் வீட்டிலும் அடுக்குப் பானைக்குப் பின்னால் டப்பாக்கள் இருந்திருக்குமோ என்னவோ!

ஒரு வேறுபாட்டையும் சொல்லத்தான் வேண்டும். கணக்குக்குச் சிலேட்டு போதும். சிர்க்கோனியத்தைச் சிலேட்டில் எழுதி நிறம் பார்க்க முடியாது.

நூலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பேராசிரியர் ஓர் உறையை நீட்டினார். உள்ளே ஆயிரம் ரூபாய். வேண்டாம் சார் என்று நான் சொல்லியிருந்தால் இக்கட்டுரைக்கு அழகாக இருந்திருக்கும். வாங்கிக்கொண்டேன். மறுக்கக்கூடிய நிலையில் எங்கள் வீடு இல்லை. இப்படி அவர் கைவிட்டுப் போனது எத்தனை ஆயிரம் என்று அவரும் எழுதி வைக்கவில்லை. 2020-21ஆம் ஆண்டில் நம் நாடு ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடு என்று அரசின் புள்ளிவிவரம் கூறுகிறது. எங்கள் பேராசிரியர் வாங்கிய சாயப் பாட்டில் அந்த 0.64-இல் சேர்ந்திருக்காது.

அன்று அவர் நெடுநேரம் பேசினார். மத்திய மானியங்கள் வேண்டுமானால் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 12பி பிரிவில் கல்லூரி இடம்பெற வேண்டும் என்பதையும், 2023-இல் ஆராய்ச்சி நிதிக்கென்றே தேசிய அளவில் அனுசந்தான் அறக்கட்டளைச் சட்டம் வந்திருப்பதையும் சொன்னார். கல்லூரிகளில் பாடம் நடத்தும் நேரம் போகத்தானே ஆராய்ச்சி என்றார். எனக்கு அவற்றில் பாதி விளங்கவில்லை. ஒன்று விளங்கியது. முதுகலை முடித்துத் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேர்ச்சி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் தருகிறார்கள். 2023 ஜனவரி முதல் அந்தத் தொகை. அம்மாவிடம் சொன்னேன்.

"படிக்கிறதுக்கா சம்பளம்?"

"ஆமாம்மா. ஆராய்ச்சி பண்றதுக்கு."

"களவு கண்டுபிடிக்கிறதுக்கு அவ்ளோ குடுக்கலாந்தான்" என்றாள். கிண்டல் செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல்தான்.

அன்று இரவே ஆயிரம் ரூபாய்ப் பொய்யையும் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பணத்துலதான் நம்ம பம்புத் தண்ணி தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுநாள் முதல் எங்கள் வீட்டில் ஆற்று நீர் வரும் நாளில் எல்லாக் குடங்களும் நிரம்புகின்றன. குடிக்கவும் சமைக்கவும் அதுதான். போர் நீர் பாத்திரம் கழுவவும் துணிக்கும். மண்டியில் தன்னோடு புளி தட்டும் பெண்கள் அத்தனை பேருக்கும் அம்மா இதைச் சொல்லிவிட்டாள். 2.8 என்ற எண்ணை "ரெண்டே முக்காலுக்கு மேல" என்று சொல்கிறாள்.

இந்த ஜனவரி 26 கிராம சபையில் நாற்பது இடங்களின் பட்டியலைக் கையால் எழுதி எடுத்துப்போனேன். மாணவர்கள் செய்த சோதனையை வைத்து நடவடிக்கை எடுக்க முடியாது, அரசு ஆய்வகத்தின் அறிக்கை வேண்டும் என்றார்கள். அதுவும் சரிதான், எங்கள் நிறமானி என்னைவிட வயதில் மூத்தது. அரசு ஆய்வகத்திற்கு மாதிரி அனுப்புமாறு தீர்மானத்தில் எழுதச் சொல்லிக் கேட்டேன். எழுதினார்கள். மாதிரி இன்னும் போகவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கல்லூரிக்கு வரும் வழியில் இறங்கி விசாரித்துவிட்டு வருகிறேன்.

வரும் ஜூலையில் நான் மூன்றாமாண்டு. என் பெயரிலேயே ஒரு திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார் பேராசிரியர். அதே தடத்தில் பள்ளிக்கூடங்களின் குடிநீரை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். எட்டு வயதுக்குள் பிள்ளைகள் குடிக்கும் நீர்தான் பற்களில் தெரியும் என்பதால். அப்பா இன்னும் ஒப்பவில்லை; பட்டம் முடிந்ததும் வேலைக்குப் போகத்தானே படிக்க வைத்தோம் என்கிறார். விண்ணப்பத்தின் மாதிரிப் படிவத்தை நேற்று இரவு நிரப்பினேன். பயணம் என்ற தலைப்பில் எதுவும் கேட்கவில்லை. இரசாயனப் பொருள்கள் என்ற தலைப்பில் முன்னைவிட இருமடங்கு கேட்டிருக்கிறேன். ஜி.எஸ்.டி. எண் உள்ள மூன்று கடைகளின் முகவரியைக் கண்காணிப்பாளரே எழுதித் தந்தார்.

நான் எழுதுவதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலுக்கு எவ்வளவு எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள். நூற்றைம்பது என்றேன். எழுந்து புழக்கடைக்குப் போய் ஒரு சாக்கை இழுத்து வந்து என் முன்னால் கவிழ்த்தாள். பக்கத்து மண்டபத்தில் முகூர்த்த நாளில் பொறுக்கியவையாம். எல்லாம் கழுவிக் காயவைத்து மூடி போட்டவை. எண்ணிப் பார்த்தேன். அறுபத்திரண்டு இருந்தன.

"அதை அடிச்சிட்டு வேறெதுக்காச்சும் எழுது" என்றாள்.